நாலாம் நம்பர் மரம்

பழனிசாமிக்கு சிட்னியில் இரண்டு வேலை. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. பிளாக்டவுனைத் தாண்டி ஒரு புறநகர்ப் பள்ளியின் வாசலில், காலையில் கொஞ்ச நேரமும் மாலையில் கொஞ்ச நேரமும் நின்று, பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது. பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கையில் 'ஸ்டாப்' என்று எழுதிய வட்டப் பலகை. பலகையை நீட்டினால் லாரிகூட நின்றுவிடும். இன்னொரு வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். அந்தச் சாலையில் எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்தச் சாக்கடை மூடி ஆடுகிறது, எந்தக் கம்பம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஈரோட்டுப் பக்கம் முப்பத்து நாலு வருஷம் சாலைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். மகள் பார்கவி கூப்பிட்டாள் என்று மனைவி கலாவோடு விமானம் ஏறி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஆபீசுதான் ஓய்வு கொடுத்தது, அவருடைய கண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

பள்ளி வாசலில் அவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மரம். லிக்விடாம்பர் என்று பெயர். கலா முதல் வருஷம் முழுக்க அதை மேப்பிள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து விரல் விரித்த இலை, கசக்கினால் பிசின் வாசனை. மே மாதம் வந்துவிட்டால் ஒரே மரத்தில் மஞ்சளும் சிவப்பும் கருஞ்சிவப்புமாக நிறம் மாறி, பார்க்கிறவர்களை எல்லாம் போன் எடுக்க வைக்கும். அதற்காக அது ஒன்றும் சாதுவான மரம் இல்லை. குளிர்காலத்தில் முள்முள்ளாக உருண்டைக் காய்களை உதிர்க்கும். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிற தாய்மார்கள் அவற்றை மிதித்துத் தடுமாறித் திட்டுவார்கள். பையன்கள் அதையே பொறுக்கி ஒருத்தன் மேல் ஒருத்தன் எறிவார்கள். வேர் வேறு நடைபாதை சிமெண்டை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது.

ஆனாலும் பிப்ரவரியில் அந்த மரத்தின் அருமை தெரியும். ஒரு மத்தியானம் நாற்பத்தோரு டிகிரி. பள்ளி மணி அடித்து வெளியே வந்த பிள்ளைகளும், கூட்டிப்போக வந்த பெற்றோர்களும், இருநூறு பேருக்குக் குறையாமல், அந்த ஒரு மரத்தின் கீழே அடைந்துகொண்டார்கள். வேறு எங்கும் கால் வைக்க முடியவில்லை. பழனிசாமி அன்றைக்கு நிழலைக் காலடியால் அளந்து பார்த்தார். குறுக்கே பதினாறு அடி எடுத்து வைக்கலாம். அதற்குப் பிறகு அதை அவர் 'நம்ம மரம்' என்றுதான் சொன்னார்.

ஜூன் மாதம் ஒரு நாள், தெருக் கம்பத்தில் அறிவிப்பு ஒன்று தொங்கியது. நடைபாதையைப் புதிதாகப் போடப் போகிறார்களாம், அதற்காக இந்தத் தெருவில் மரங்கள் அகற்றப்படும் என்று அந்தப் பகுதியின் நகராட்சியான கவுன்சில் எழுதியிருந்தது. எத்தனை மரம், எந்த மரம் என்று போடவில்லை. பழனிசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். மறுபடியும் அதேதான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கவுன்சிலுக்கு ஒரு மனு எழுதினார். பார்கவி அதைக் கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, 'ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரிகார்ட்ஸ், ஐ பெக் டு சப்மிட்'னு எல்லாம் இங்க யாரும் எழுத மாட்டாங்கப்பா."

"நீ அப்படியே அடி அம்மிணி. மனுன்னா ஒரு மரியாதை வேணும்."

அவள் அப்படியே அடித்து அனுப்பினாள். உடனே ஒரு பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, பத்து வேலை நாளுக்குள் தொடர்புகொள்வோம் என்று. பழனிசாமி காலண்டரில் பத்து நாளை அடித்துக்கொண்டே வந்தார். பத்தும் போயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை.

இனி என்ன செய்வது என்று அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது.

ஊரில் சாலையோர மரத்துக்கெல்லாம் பட்டை அடிப்பார்கள். நெஞ்சு உயரத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு வெள்ளைப் பட்டை, அதற்கு மேலும் கீழும் காவிப் பட்டை, வெள்ளையின் நடுவில் கறுப்பில் ஒரு நம்பர். ராத்திரி வருகிற வண்டிக்கு மரம் தெரிவதற்காகத்தான் பட்டை. நம்பர் எதற்கு என்றால், அந்த மரம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது, யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். நம்பர் இல்லாத மரத்தில் கிளையை வெட்டிக்கொண்டு போனவனைப் பிடிக்க முடியாது. நம்பர் இருந்தால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். பழனிசாமி தன் காலத்தில் இப்படி எண்ணூற்று நாற்பது புளியமரத்துக்கு நம்பர் போட்டவர். ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதற்கு நம்பர் போட வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போடுகிற சுண்ணாம்பு ஒரு பை வாங்கினார். காவிப் பொடி பிளாக்டவுனில் மளிகைக் கடையிலேயே கிடைத்தது, கோலத்துக்கு வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாளியும் பிரஷும் நூல்கண்டுமாகக் கிளம்பினார். கலா வாசல்வரை வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த ஊர்ல இதெல்லாம் பண்ணலாமுங்களா?"

"மரத்துக்கு நல்லதுதானே கலா பண்றேன்."

மரத்தைச் சுற்றி நூல் கட்டி, மட்டம் பார்த்து, ஒரு சொட்டுக் கோடு தாண்டாமல் அடித்தார். தெருமுனையிலிருந்து எண்ணினால் அது நாலாவது மரம். ஆகவே நடுவில் அழகாக ஒரு '4' போட்டார். பள்ளிக்கு எதிர்வீட்டு விமலாதேவி தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, வாசல் கதவில் சாய்ந்து நின்று, முடிகிறவரைக்கும் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, இந்தத் தெருவில் இருபத்தைந்து வருஷமாக இருப்பவள். பழனிசாமியைத் தினமும் பள்ளி வாசலில் பார்த்துப் பழக்கம்.

"அண்ணை, என்ன இது, கோயில் மதில் மாதிரியெல்லோ கிடக்கு! இனி ஆக்கள் வந்து கற்பூரம் கொளுத்தப் போயினம்."

"கொளுத்தட்டும் விமலாம்மா. சாமின்னு நெனச்சா வெட்ட மாட்டாங்கல்ல?"

அவள் சொன்னது பொய்யாகவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு தெலுங்குப் பாட்டியம்மா போகிற போக்கில் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பிள்ளைகளோ, மரம் ஏன் சாக்ஸ் போட்டிருக்கிறது என்று கேட்டார்கள். பழனிசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வெள்ளியோடு பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை விட்டார்கள். நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. விமலாதேவி.

"அண்ணை, கெதியா வாங்கோ! மரம் வெட்டுற ஆக்கள் வந்து நிக்கினம். ரெண்டு மரம் விழுத்திப் போட்டாங்கள். இப்ப உங்கட மரத்தில ஒருத்தன் கயிறு கட்டி ஏறுறான்!"

பழனிசாமி கட்டியிருந்த வேட்டியோடு கிளம்பினார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, மாட்டியிருந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து வேட்டிக்கு மேல் போட்டுக்கொண்டார். அதைப் போட்டால் இந்த ஊரில் யாராக இருந்தாலும் நின்று ஒரு வார்த்தை கேட்பார்கள் என்பது அவருடைய அனுபவம். முழங்கால் வலியை மறந்து இரண்டு தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்.

தெரு அவர் பயந்த மாதிரியே இருந்தது. கூம்புகள் வைத்து வழியை அடைத்திருந்தார்கள். பெரிய லாரி, அதன் பின்னால் மரத்தைத் தூளாக்குகிற இயந்திரம், காது கிழிகிற சத்தம். மூலையில் இரண்டு மரம் இருந்த இடத்தில் வெறும் அடிக்கட்டை. அங்கே இன்னொரு மரத்தின் மேல் ஸ்பிரே பெயிண்டில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. அவருடைய மரத்தின் மேல் ஹெல்மெட் போட்ட ஓர் இளைஞன் இடுப்பில் ரம்பம் தொங்க, இலையில்லாத கிளைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தான்.

வெட்டுகிற மரத்துக்குக் கீழே ஆள் நின்றால் ரம்பத்தை இயக்கக் கூடாது. இது எந்த ஊரிலும் ஒரே விதிதான், சாலை வேலை பார்த்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழனிசாமி கூம்புகளைத் தாண்டி நேராக உள்ளே போய், மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். நாலு பக்கமும் கத்தினார்கள். இயந்திரத்தை நிறுத்தினார்கள். தாடி வைத்த மேஸ்திரி ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

வெளியே போங்கள் ஐயா, இது ஆபத்தான இடம் என்றார் அவர்.

"திஸ் ட்ரீ, நோ கட்டிங் சார்," என்றார் பழனிசாமி.

குறி போட்ட மரத்தை வெட்டத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று மேஸ்திரி பொறுமையாக விளக்கினார். கையிலிருந்த தாளைக் காட்டினார். தாளில் மூன்று மரம் என்றுதான் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் தெருவில் வெள்ளைக் குறி போட்ட மரம் நாலு. மூன்றில் பெருக்கல் குறி, இதில் மட்டும் சுற்றிலும் வெள்ளை அடித்து, நாலு என்று நம்பரே போட்டிருக்கிறது. ஆபீசில் ஒன்றை விட்டுவிட்டு டைப் செய்திருப்பார்கள் என்று நினைத்தோம். வெள்ளையும் நம்பரும் போட்டால் வெட்டு என்றுதானே அர்த்தம் என்று கேட்டார்.

அந்த மனிதர் கேட்டதில் தப்பே இல்லை. ஊரிலும் கடைசியில் அதுதான் நடந்தது.

அவர் ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தபோது சாலையை நாலு வழியாக அகலப்படுத்த உத்தரவு வந்தது. வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியல் கேட்டார்கள். புதிதாக எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை, இவருடைய பதிவேடு தயாராக இருந்தது. ஏலம் எடுத்தவன் நம்பரை உரக்கச் சொல்லிக்கொண்டே போனான். இவர் பின்னாலேயே நடந்து, ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ஒன்றிலிருந்து எண்ணூற்று நாற்பது வரைக்கும். உத்தரவு உத்தரவுதான், நாம் என்ன செய்ய முடியும் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டார். வீட்டில் கலாவிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நம்பர் போட்டதெல்லாம் காப்பாற்றத்தான் என்று இத்தனை வருஷம் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று அந்த மரத்தடியில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. மனுஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான்தான் அடித்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தே இருந்தது. கவுன்சில் மரத்தில் பெயிண்ட் அடிப்பது குற்றம். அபராதம் போடலாம். பள்ளி வாசல் வேலை போகலாம். அந்த வேலை இல்லாவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே அவருக்குத் தெரியாது. ஒரு விநாடி தயங்கினார். மேலே இருந்த இளைஞன் அடுத்த கிளைக்குக் கயிற்றை மாற்றினான்.

"மை பெயிண்ட் சார்," என்றார் பழனிசாமி. "கவுன்சில் நாட் பெயிண்ட். ஐ ஒன்லி பெயிண்ட். மை மிஸ்டேக்."

மேஸ்திரி முதலில் நம்பவில்லை. வேட்டியையும் ஆரஞ்சுச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெள்ளைப் பட்டையில் நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே பார்த்து, இறங்கி வாடா என்று சைகை காட்டினார். ஆனாலும் என் இஷ்டத்துக்கு விட முடியாது, கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்க்கட்டும், அதுவரை நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றார்.

பழனிசாமி அசையவில்லை. ஆள் வந்து, வெட்ட வேண்டாம் என்று வாயால் சொல்கிறவரை இந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அவர் நிற்பதைப் பார்த்த விமலாதேவி வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கூம்புகளுக்கு நடுவே போட்டாள்.

"இருங்கோ அண்ணை. கால் நோகும். குசினியில தேத்தண்ணி கொதிக்குது, கொண்டு வாறன். எங்கட பெடியளும் இந்த மரத்துக்குக் கீழதான் வளந்தவங்கள், நானும் உங்களோட நிக்கிறன்."

மேஸ்திரிக்கும் ஒரு கோப்பை வந்தது. அவர் பெருமூச்சு விட்டு வாங்கிக் குடித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து கவுன்சில் வண்டி வந்தது. இறங்கியது ஒரு பெண், தெரு மரங்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி. வந்ததும் அவள் யாரையும் திட்டவில்லை. மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். போனை எடுத்து ஏதோ தேடினாள். இந்த மரம் வெட்டுகிற பட்டியலில் எப்போதுமே இருந்ததில்லை என்றாள். மூலையில் இருந்த மூன்றும் உள்ளே உளுத்துப்போனவை, காற்றுக்குத் தாங்காது, அதனால் போக வேண்டியிருந்தது. இது நல்ல திடமான மரம். கோடையில் இந்தத் தெருவிலேயே பெரிய நிழல் இதற்குத்தான் என்று கணக்கெடுத்து எழுதி வைத்திருக்கிறோம். இதை யார் வெட்டச் சொன்னார்கள் என்று கேட்டாள்.

பழனிசாமி எழுந்து நின்றார். மேஸ்திரியிடம் சொன்னதையே இவளிடமும் சொன்னார். சொல்ல ஆரம்பித்தவருக்கு அத்தோடு நிறுத்த முடியவில்லை.

"மேடம், இன் மை பிளேஸ், எய்ட் ஹண்ட்ரட் ஃபார்ட்டி ட்ரீ, ஐ கிவ் நம்பர். ஆல் கட். ஐ கிவ் தி லிஸ்ட். ஐ நெவர் சே நோ." மரத்தைத் தட்டிக் காட்டினார். "திஸ் ஒன், ஐ சே நோ."

அந்தப் பெண் பேர் கேட்டாள். பழனிசாமி பேரைச் சொல்லிவிட்டு, அவள் எழுதிக்கொள்ளப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் எழுதவில்லை. அந்தப் பேரில் வந்த மனு அவளுக்கு ஞாபகம் வந்தது. சரி மிஸ்டர் பழனிசாமி, இந்தச் சுண்ணாம்பை இன்றைக்கே கழுவிவிடுங்கள், இனிமேல் எந்த மரத்துக்கும் நம்பர் போடாதீர்கள் என்றாள். உங்கள் மனுவுக்குப் பதில் போடாதது எங்கள் தப்பு, போட்டிருந்தால் நீங்கள் பெயிண்ட் வாளியைத் தூக்கியிருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னாள்.

"ஃபுட்பாத் மேடம்?" என்று இழுத்தார் பழனிசாமி. வேர் தூக்கிய சிமெண்ட் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பாதை நேராகப் போக வேண்டும் என்றால் வேரை வெட்டியாக வேண்டும், வேரை வெட்டினால் மரம் நிற்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவள் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினாள். புதிய நடைபாதை நேராக வந்து, மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளி வேலிப் பக்கம் ஒதுங்கி, மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது. பழனிசாமி அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் சாலை போட்டவர். மரத்துக்காகச் சாலையை வளைத்து வரைந்த ஒரு படத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.

விமலாதேவியின் வீட்டுக் குழாயிலிருந்து ஹோஸை இழுத்து வந்து, தேய்க்கிற பிரஷால் பட்டையைக் கழுவினார். முதலில் காவி ஒழுகியது, அப்புறம் வெள்ளை. நாலு கரைந்து போனது. வேட்டி முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. அழுகிறோமா, தண்ணீர் தெறித்ததா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேஸ்திரி லாரியில் ஏறும்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. அவர் கோலத்தைப் பார்த்து கலா பதறிவிட்டாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? போலீசு கீலீசு வந்துச்சுங்களா? வேலை போயிருச்சுங்களா?"

பழனிசாமி ஈர வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். பிறகு, ஒன்பது வருஷமாக அவளிடம் சொல்லாத அந்த ஏலத்தையும், பின்னாலேயே நடந்து டிக் அடித்ததையும், ஒன்று விடாமல் சொன்னார். அவர் முடித்ததும் கலா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் அதை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"எண்ணூத்தி நாப்பது போச்சு கலா," என்றார். "ஒண்ணு நின்னுக்கிச்சு."